வளர்ற புள்ளதானே!

இறக்குவானைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிற மாஸ்டர் ஒருவர் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யாருக்கும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் பிள்ளைகளோடு கொழும்பு புறக்கோட்டைக்குப் போய்வந்த பிறகு இப்படி ஆகிவிட்டார். அவரை வெளியே தேட வேண்டாம். இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்தான் அவர். தன்னை வேறொரு ஆளாக நினைத்து எழுதினால் ஆத்திரம் தணியும் என்று பக்கத்து வகுப்பு டீச்சர் சொன்னார். தணிகிற மாதிரித் தெரியவில்லை.

உள்ளதைச் சொன்னால் இது ஒரு பொதுச்சேவை. பள்ளிக்கூடச் சப்பாத்து புறக்கோட்டையில் எந்தக் குறுக்குத் தெருவில், எந்தப் பக்கத்துக் கடையில், எத்தனை மணிக்குப் போனால் மலிவு என்பதை மாஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். அதை நாலு பேருக்குச் சொல்லத்தான் பேனாவை எடுத்தார். சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் போன கதை கொஞ்சம் இருக்கிறது.

இறக்குவானையில் துணிக்கடை இல்லையா? இருக்கிறது. காவத்தையில் இருக்கிறது. பெல்மதுளையில் வரிசையாக இருக்கிறது. இரத்தினபுரியில் வெள்ளம் வந்து கீழ்மாடி முழுகினால் மேல்மாடியில் வைத்து விற்கிற அளவுக்கு இருக்கிறது. அவிசாவளையிலும் குறைவில்லை. இவை எல்லாவற்றையும் பஸ் ஜன்னல் வழியாக அரைத்தூக்கத்தில் பார்த்துக்கொண்டே தாண்டி, வளைவுக்கு வளைவு பிள்ளைகளுக்கு வாந்திப் பை பிடித்து, நூறு கிலோமீற்றருக்கு மேல் போய், இதே கடைகளுக்குச் சரக்குப் போடுகிற கடைகளில் வாங்கினால்தான் தீபாவளி தீபாவளியாக இருக்கும். ஏன் என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

சட்டையில் மிச்சம் பிடிக்கிற காசு பஸ்ஸில் போய்விடுகிறது என்பதை மாஸ்டர் ஒரு வெள்ளைத்தாளில் கணக்காகவே எழுதிக் காட்டினார். "அப்ப நீங்க வீட்லயே இருங்க" என்றார் வீட்டம்மா. கணக்குக்கு அது விடையல்ல. ஆனாலும் மாஸ்டர் விடியற்காலையில் பஸ்ஸுக்கு நின்றார்.

காசு எங்கிருந்து வந்தது என்றால், அரசாங்க உத்தியோகத்தருக்குப் பண்டிகை முற்பணம், தோட்டத்தில் பேர் போடுகிற தம்பி சம்சாரத்துக்குத் தீபாவளி முற்பணம். அவரவர் சம்பளத்தை அவரவருக்கே கடனாகக் கொடுத்துவிட்டு மாதாமாதம் பிடித்துக்கொள்கிற அருமையான ஏற்பாடு.

ரயில் இருந்திருந்தால் பையாவது மிச்சமாகியிருக்கும். களனிவெளிப் பாதை 1912இல் இரத்தினபுரி வரைக்கும், 1919இல் ஓபநாயக்க வரைக்கும் வந்தது. குறுகலான தண்டவாளம், ஆமை வேகம், இருந்தாலும் ரயில். 1970களில் அவிசாவளைக்கு இந்தப் பக்கம் ஓடியதை நிறுத்தி எடுத்துவிட்டார்கள். ஒரு மாகாணத் தலைநகரத்துக்கு வந்த ரயிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன கதை இது. இதைச் சொல்லத் தொடங்கினால் மாஸ்டர் நிறுத்தமாட்டார் என்பதால் பிள்ளைகள் குருவிட்டையிலேயே தூங்கிவிட்டார்கள். பதினொரு வயது மூத்தவன், ஆறு வயது சின்னவள், துணைக்கு என்று ஒட்டிக்கொண்ட அக்கா மகன் ஒருவன்.

மாஸ்டருக்குத் துணி ஒரு சாக்கு. பிள்ளைகளைப் பழைய நகரத்துச் சந்தைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனால் கணக்கறிவு, வரலாற்றறிவு, நாலு பேரோடு பழகும் பண்பு மூன்றும் ஒருசேர வளரும் என்று ஏதோ ஒரு சஞ்சிகையில் படித்திருந்தார். அதை எழுதியவருக்குப் பிள்ளைகள் இருக்க முடியாது. இருந்தால் அன்றைக்கு அவர்கள் பாட்டி வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

இபுன் பதூதாவையே எடுத்துக்கொள்வோம். 1344இல் இலங்கைக்கு வந்தவர், நம்ம பக்கத்துச் சிவனொளிபாத மலையில் ஏறி இறங்கிய பிறகு கொழும்புக்கும் போனார். செரந்தீபிலேயே மிக அழகான, மிகப் பெரிய பட்டினங்களில் அது ஒன்று என்று சொல்லியிருக்கிறார். கிட்டத்தட்ட ஐந்நூறு அபிசீனியரை வைத்துக்கொண்டு ஒரு கடலதிகாரி அங்கே இருந்தாராம். இந்தப் பாராட்டை மாஸ்டர் வருடா வருடம் வகுப்பில் சொல்வார். ஆனால் இபுன் பதூதா போகிற ஊர்களில் கல்யாணம் செய்து, குடும்பத்தை அங்கங்கே விட்டுவிட்டு நடையைக் கட்டிய மனிதர் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு கையில் ஆறு வயதுப் பிள்ளை, மறு கையில் தண்ணீர்ப் போத்தல், தோளில் இரண்டு சொப்பிங் பேக் என்று அவர் வந்திருந்தால் அந்தப் பட்டினத்தைப் பற்றி வேறு விதமாகத்தான் எழுதியிருப்பார்.

பஸ்தியான் மாவத்தையில் இறங்கியதும் முதல் பாடம் மெனிங் சந்தை. இலங்கை ஆளுநராக இருந்த வில்லியம் மெனிங்கின் பெயரைத் தாங்கி, மலைநாட்டு மரக்கறி லொறி லொறியாக வந்து குவிந்த சந்தை. கொரோனா காலத்தில் அதைப் பேலியகொடைக்கு மாற்றிவிட்டார்கள். "இங்கதான் இருந்திச்சு" என்று மாஸ்டர் கையை நீட்டினார். பிள்ளைகள் கை காட்டிய திசையைப் பார்த்தார்கள். அங்கே ஒருவர் தலையணை உறை விற்றுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாடம் கைமன் வாசல். மெயின் வீதியில் நாலாம் குறுக்குத் தெருப் பக்கமாக ஒரு மணித்தூண் நிற்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் நகரத்தின் வாசல் இருந்த இடம். அந்தக் காலத்தில் மதிலை ஒட்டிய தண்ணீரில் முதலைகள் கிடந்ததால் வாசலுக்கு அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். முதலை என்ற சொல் காதில் விழுந்ததும் வரலாறு முடிந்தது.

"முதல எங்கப்பா?"

"இப்ப இல்லம்மா. அப்ப இருந்திச்சு."

"எங்க போச்சு?"

மாஸ்டர் பதிலுக்கு யோசிப்பதற்குள் அக்கா மகன் சொன்னான்: "பேலியகொடைக்கு."

அதற்குப் பிறகு சின்னவள் எந்தக் கட்டடத்துக்கு முன்னால் நின்றாலும் கேட்ட கேள்வி ஒன்றுதான். பக்கத்திலேயே பழைய நகர மண்டபம். 1865இல் அமைந்த கொழும்பு மாநகர சபைக்காக 1873இல் கட்டியது. 1928இல் சபை கறுவாத்தோட்டப் பக்கத்துப் புது வெள்ளை மாளிகைக்குக் குடிபோன பிறகு இங்கே சந்தை நடந்தது. மேல்மாடியில் அந்தக் காலத்துச் சபைக் கூட்டத்தை ஆளுயரப் பொம்மைகளாக மேசையைச் சுற்றி உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். மூத்தவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஏன்ப்பா யாருமே அசையாம இருக்காங்க?"

"கூட்டம் நடக்குதுடா."

அன்றைக்குப் பிள்ளைகள் மறுகேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஒரே விளக்கம் இதுதான்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் 1908இல் தொடங்கி அடுத்த வருடம் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசல். மாதுளம்பழ வடிவத்தில் கும்மட்டங்கள், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடும் கட்டமும் சுருளும். துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரர்கள் இதைப் பார்த்துத்தான் கொழும்பை அடையாளம் கண்டார்களாம். சின்னவள் முதலையை மறந்து வாயைத் திறந்தாள். மாஸ்டர் நெஞ்சு விம்மியது. "மிட்டாய் வாங்கித் தாங்கப்பா" என்றாள். கோட்டைப் பக்கத்து முனையில் ஒரு பார்சிக் குடும்பத்துப் பிள்ளைகள் தகப்பனின் நினைவாக 1923இல் கட்டிக்கொடுத்த கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காட்டி, "அப்பா நினைவா புள்ளைங்க கட்டினது, பாத்துக்க" என்று மாஸ்டர் கொஞ்சம் அழுத்தியே சொன்னார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவர்கள் வாயைப் பிளந்து பார்த்தது மூட்டை இழுக்கிற நாட்டாமிமாரை. நாலாம் குறுக்குத் தெருவில் ஆளுயரத்துக்கு வெங்காய மூட்டை அடுக்கிய கைவண்டியை ஒரு மனிதர் உடம்பை முன்னுக்குச் சாய்த்து, குதிகால் தரையில் படாமல் இழுத்துக்கொண்டு வந்தார். பின்னால் ஒருவர் தள்ளினார். வழி விடச் சொல்லிக் கத்திய கத்தில் லொறியே ஒதுங்கியது. மூத்தவன் வீட்டுக்கு வந்து வரைந்த படம் அதுதான். பள்ளிவாசலும் இல்லை, மணிக்கூடும் இல்லை. சக்கரத்தின் ஆரங்களைக்கூட எண்ணிப் போட்டிருந்தான்.

இனி அந்தச் சட்டை.

நீலச் சட்டை. மூத்தவனுக்கு எடுத்தது. தோள்தையல் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கிறது. கை விரல்நுனியைத் தாண்டிப் போகிறது. கடைக்கார நானா சட்டையை அவன் முதுகில் வைத்து, இரண்டு தோளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "அளவெடுத்துத் தைச்ச மாதிரி இரிக்கி" என்றார்.

"பெருசுப்பா" என்றான் பையன்.

"வளர்ற புள்ளதானே!"

மூன்று குரல்கள் ஒரே நேரத்தில். ஒன்று கடைக்காரர், ஒன்று வீட்டம்மா, மூன்றாவது பக்கத்தில் சாரி பார்த்துக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி. அவர் எந்த ஊர் என்றும் தெரியாது. இந்த ஒரு விசயத்தில் மட்டும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், மலையகமும் வடக்கும் கிழக்கும் ஒரே குரலில் பேசுகின்றன. தேசிய ஒற்றுமைக்கென்று தனி அமைச்சே வைத்துப் பார்த்த நாடு இது. வந்த அமைச்சர்கள் ஒருவரும் சட்டைக்கடைப் பக்கம் போகவில்லை.

கடையில் வேலைக்கு நிற்கிற பையன் எட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் தோட்டத்துப் பிள்ளையாம். "எந்தத் தோட்டம் அண்ணே?" என்று கேட்டு, பதில் வந்ததும் ஒரு சொந்தச் சிரிப்பு சிரித்தான். "தம்பிக்கு என்ன வயசு?" "பதினொண்ணு." உள்ளே திரும்பி, "பதினஞ்சு ஒண்ணு எடு!" என்று குரல் கொடுத்தான். நம்ம ஆட்களுக்கு வயசோடு நாலைக் கூட்டினால் சைஸ் வந்துவிடும் என்பது அவன் தொழில் இரகசியம்.

காற்சட்டைக்கு வேறு முறை. இடுப்பளவு பார்க்க இடுப்புப் பக்கமே போக மாட்டார்கள். பொத்தானைப் பூட்டி, இடுப்புப் பட்டியை இரட்டையாகப் பிடித்து, பையனின் கழுத்தைச் சுற்றிக் கொண்டு போவார்கள். இரண்டு முனையும் பின்கழுத்தில் முட்டினால் சரியான அளவு. வளர்ற புள்ளைக்கு முட்டினால் போதாது. ஒன்றை ஒன்று தாண்டிக் காதுவரை வர வேண்டும். மூத்தவன் கழுத்தில் காற்சட்டையோடு நின்று தகப்பனைப் பார்த்த பார்வையை மாஸ்டர் இன்னும் மறக்கவில்லை. மாஸ்டரும் அவன் வயதில் அப்படித்தான் நின்றார். அன்றைக்கு அவருடைய அப்பா வேறு பக்கம் பார்த்தார். இன்றைக்கு மாஸ்டர் பார்த்தார், வேறு பக்கம்.

வளர்ற புள்ளையின் உடுப்புக்கு மூன்று காலம் உண்டு. முதல் வருடம் பிள்ளை உடுப்புக்குள்ளே எங்கேயோ இருக்கும். கையை மடித்து, காற்சட்டையின் அடியை உள்ளே சுருட்டித் தைத்து, இடுப்பில் ஊசி குத்திக் கோயிலுக்கு அனுப்புவார்கள். இரண்டாம் வருடம் ஓரளவு பொருந்தும். ஆனால் பொருந்துகிற நாளில் நீலம் சாம்பலாகியிருக்கும், மேல் பொத்தானைக் காணக் கிடைக்காது. மூன்றாம் வருடம் பிள்ளைக்குச் சிறிதாகிவிட்டது என்று சித்தி மகனுக்குப் போகும். அவனுக்குப் பெரிது. பரவாயில்லை, அவனும் வளர்ற புள்ளதானே. ஆக, நிறமும் அளவும் ஒரே நேரத்தில் சரியாக இருந்த உடுப்பை நம் ஊர்களில் எந்தப் பிள்ளையும் போட்டதில்லை. காற்சட்டையின் அடியை வருடத்துக்கு ஒருமுறை பிரித்து இறக்கிவிடும்போது பழைய மடிப்பு வெள்ளைக்கோடாக நிற்கும். வெட்டிய மரத்தில் வளையம் எண்ணுவது போல அந்தக் கோடுகளை எண்ணிப் பிள்ளைக்கு எத்தனை தீபாவளி ஆயிற்று என்று சொல்லிவிடலாம்.

பள்ளிக்கூட வெள்ளையும் தப்பவில்லை. 1993இலிருந்து அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கிறது. பிள்ளைக்கு இவ்வளவு என்று வெட்டி வருகிற துணியை ஒரு அங்குலம்கூட வெட்டாமல் முழுதையும் சட்டைக்குள் அடக்கிக் கொடு என்று தையல்காரரிடம் சண்டை போடுகிற தாய்மார் உண்டு. முதலாம் ஆண்டுக்கு வருகிற பிள்ளையின் புத்தகப்பை பிள்ளையை விடப் பெரிது. மழைக்கோட்டு தரையைக் கூட்டும். மாஸ்டர் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது சில சட்டைகளுக்குள்ளிருந்து "பிரசன்ட் சேர்" என்று சத்தம் மட்டும்தான் வரும்.

வயது வந்தால் விடுவார்களா என்றால் அதுவும் இல்லை. மாஸ்டர் கல்யாணத்துக்குக் கோட்டு எடுக்கப் போனபோது அவர் வளர்கிற பிள்ளையாக இல்லை. முடி கொட்டத் தொடங்கியிருந்த மாப்பிள்ளை. அப்போதும் அத்தை, "ஒரு சைஸ் கூடவே எடுங்க, கல்யாணத்துக்கப்புறம் ஒடம்பு வைக்கும்" என்றார். கல்யாணப் படத்தில் மாஸ்டரின் கை இரண்டும் இல்லை. மணப்பெண்ணின் கையைக் கோட்டின் கைதான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உடம்பு வைத்தது உண்மை. வைத்த இடம் வயிறு. கோட்டுக்குத் தோளில் மிச்சம், வயிற்றில் பற்றாக்குறை. இப்போது அதை ஒரு பையில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார்கள், மூத்தவனுக்கென்று.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன சித்தப்பா ஒருவர், பிள்ளைகளோடு மதுரைக்குப் போய்ப் புதுமண்டபத்தில் துணி தைத்த கதையை ஒரு காலத்தில் கடிதமாக எழுதியிருந்தார். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். சிற்பத்தூண்களுக்கு நடுவே தையல் மெசின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த காலம். சித்தப்பா தூண்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. தையல்காரர் பையனுக்கு அளவெடுத்துவிட்டு, "வளர்ற பையன், ரெண்டு இஞ்சி விட்டுத் தைக்கட்டுமா?" என்று கேட்டாராம். "ஊரில் இருப்பது போலவே இருந்தது" என்று எழுதி, அதற்குக் கீழே கோடு போட்டிருந்தார்.

இவ்வளவையும் பெரிசாக வாங்குகிற நம்ம சனத்துக்கு ஒரே ஒரு சாமானை மட்டும் பெரிசாக எடுக்க யாரும் வழி விடவில்லை. தோட்டத்து லயக் காம்பரா. பத்துக்குப் பன்னிரண்டு அடி. வெள்ளைக்காரன் அளவெடுத்த சைஸ். உள்ளே இருக்கிற குடும்பம் வளரும் என்று எந்தத் துரையும் நினைத்துப் பார்க்கவில்லை, ஒரு அடி விட்டுக் கட்டவுமில்லை. பிள்ளை வளர்ந்து, கல்யாணம் முடித்து, அவன் பிள்ளையும் அதே காம்பராவில் படுக்கிறான். நாட்சம்பளமும் அப்படித்தான். ஆயிரம் ரூபா என்று வருடக்கணக்காகக் கத்தி 2021இல் ஆயிரமானது, 2024இல் 1,350. ஒவ்வொரு முறையும் கைக்கு வருகிறபோது சாமான் விலை இரண்டு சைஸ் கூடியிருந்தது. அப்புறம், வளர்ற புள்ளை என்கிறோமே, 2016ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதத்தினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதற்கும் எடுத்தால் அது 17.3 வீதம். அதாவது நாம் எடுக்கிற பதினைந்து வயதுச் சட்டைகளில் கணிசமானவை பிள்ளைக்குப் பொருந்தாமலே சித்தி மகனிடம் போகின்றன. மாஸ்டருக்கு இதைப் பற்றி யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை. கடைக்கார நானா கிட்ட நின்றார். அவரிடம் ஐம்பது ரூபா குறைக்கச் சொல்லிச் சண்டை பிடித்தார்.

போகட்டும், சப்பாத்துக்கு வருவோம். எந்தத் தெரு என்று இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் தெருவைவிட முக்கியம் நம்பர். கால்நம்பரைக் கடைக்காரர் கேட்கும்போது வீட்டம்மாமார் உண்மையைச் சொல்வதில்லை. "மூணு போடும், அஞ்சு குடுங்க" என்பார்கள். பிள்ளை காலை உள்ளே விட்டதும் குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்ப்பார்கள். ஒரு விரல் போனால் சின்னது. இரண்டு விரல் போய் மோதிரத்தோடு திரும்பி வந்தால் எடுக்கலாம். மூத்தவனை நாலடி நடக்கச் சொன்னார்கள். முதலில் கால் வந்தது, அடுத்ததாகச் சப்பாத்து வந்தது.

"களருது" என்றான்.

"பேப்பர் அடைச்சுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை இதற்குத் தோது; தாள் கூட. மாஸ்டர் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவருடைய வலது சப்பாத்துக்குள் வாரபலனும் இடது சப்பாத்துக்குள் மரண அறிவித்தலும் இருந்தன. கசக்குகிற விதத்தில் ஒரு கலை இருக்கிறது. இறுக்கிக் கசக்கினால் பெருவிரல் நோகும், தளர்த்திக் கசக்கினால் இரண்டு மணிக்குள் தட்டையாகிவிடும். மழையில் நனைந்தால் வெள்ளைக் காலுறையில் செய்தி அச்சாகும். சின்னப் பாடசாலைகளுக்கு அரசாங்கச் சப்பாத்து வவுச்சர் வருகிறது. நல்ல காரியம். அதை எடுத்துக்கொண்டு போகிறவர்களும் இரண்டு நம்பர் கூட்டித்தான் கேட்கிறார்கள், அடுத்த வவுச்சர் வருமோ வராதோ என்று. அவர்களைக் குறை சொல்ல மாஸ்டருக்கு வாய் வரவில்லை.

சின்னவளுக்கு மிதித்தால் லைட் எரிகிற சப்பாத்துத்தான் வேண்டுமாம். அவள் நம்பரில் இல்லை. இரண்டு நம்பர் பெரிசில் இருந்தது. அன்றைக்கு முழுக்க இரண்டு நம்பர் பெரிசாகவே வாங்கிய வீட்டம்மா இதற்கு மட்டும், "அது பெருசும்மா, காலுக்கு ஆகாது" என்றார். நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதவளைத் தூக்க மாஸ்டர் குனிந்த நேரம் பார்த்து அக்கா மகன், "மாமா, ஒண்ணுக்கு வருது" என்றான். புறக்கோட்டையில் ஊசி முதல் தங்கம் வரை எல்லாவற்றுக்கும் தெரு இருக்கிறது. நகைக்குச் செட்டியார் தெரு, காகிதம் பேனைக்கு மலிபன் வீதி, வேர் பட்டை மூலிகைக்குக் கெபோஸ் லேன். இதற்கு மட்டும் தெருவைக் காணவில்லை. ஒருவர் பஸ் நிலையத்துக்குப் போகச் சொன்னார். இன்னொருவர் ரயில் நிலையத்துக்குப் போகச் சொன்னார். மூன்றாவது ஆள் பையன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துகொண்டார். ஒல்லாந்த ஆளுநராக இருந்த தோமஸ் வான் றீயின் மாளிகை, 1982இலிருந்து நூதனசாலை, பிரின்ஸ் வீதியில் மாஸ்டருக்காகக் காத்திருந்தது. குடும்பம் அதைத் தாண்டி ஓடியது. ஓடுகிற ஓட்டத்திலும் மாஸ்டர் ஒரு கையால் அந்தத் தூண்களைக் காட்டினார்.

திரும்புகிற பஸ்ஸில் இடம் கிடைத்தது பெரிய காரியம். புதுச் சப்பாத்தைப் பையில் வைத்தால் பெட்டி நசுங்கும் என்று மூத்தவன் போட்டுக்கொண்டே ஏறியிருந்தான். புதுச் சட்டையும் காற்சட்டையும் உடம்பில் இருந்தன. பழையவை முதலாம் வளைவிலேயே வாந்தியில் போனதை மேலே விளக்கமாகச் சொல்லவில்லை. கண்டக்டர் வந்தார்.

"ரெண்டு முழுசு, மூணு அரை" என்றார் மாஸ்டர்.

கண்டக்டர் மூத்தவனைக் காலிலிருந்து மேலே பார்த்தார். ஐந்தாம் நம்பர் சப்பாத்து. சுருட்டிவிட்ட நீளக் காற்சட்டை. பதினைந்து வயதுச் சட்டை.

"இவருக்குமா அரை?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பதினொரு வயசுதான்."

"பாத்தா அப்படித் தெரியலியே."

"சட்டைதான் பெருசு. ஆள் சின்னவன். பாருங்க" என்று மாஸ்டர் சட்டைக் கையை மேலே இழுத்து உள்ளே இருந்த கையைக் காட்டினார். பக்கத்துச் சீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். "இப்பத்தான் வளர்ற புள்ள" என்று வீட்டம்மா வேறு பழக்கதோசத்தில் சொல்லிவைத்தார். கண்டக்டருக்குத் தமிழ் கொஞ்சம் தெரிந்திருந்தது. "அதைத்தான் நானும் சொல்றேன்" என்று முழு டிக்கெட்டுக்குக் காசை எடுத்துக்கொண்டார்.

எஹெலியகொடையில் ஒரு கூட்டம் ஏறியது. கண்டக்டர் அவர்களைத் தள்ளிக்கொண்டே பின்னால் வந்து, மூத்தவன் உட்கார்ந்திருந்த இடத்தைத் தட்டினார்.

"சின்னப் பிள்ளைதானே, மடியில வச்சுக்கோங்க."

முழு டிக்கெட் ஒன்று இரண்டு நம்பர் கூடின சப்பாத்தோடு மாஸ்டரின் மடியில் ஏறி உட்கார்ந்தது. மீதிக்காசு எண்பது ரூபாவை இரத்தினபுரியில் தருகிறேன் என்றார் கண்டக்டர். இரத்தினபுரியில் கேட்டபோது பெல்மதுளையில் என்றார். பெல்மதுளையில் ஆளையே காணோம், வேறு ஒருவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "டிக்கெட், டிக்கெட்" என்று முன்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்.